ஐந்து நட்சத்திரமும் ஒரு பொட்டலம் காராச்சேவும்

எங்கள் ஊர் வ. புதுப்பட்டி. அந்த ‘வ’ என்ன என்று கேட்காதவர் கிடையாது. வத்திராயிருப்பு என்பதன் சுருக்கம் அது. முழுசாகச் சொல்லி முடிப்பதற்குள் பஸ் கிளம்பிவிடும் என்று யாரோ ஒரு புண்ணியவான் ஒற்றை எழுத்தாக வெட்டிவிட்டார் போலிருக்கிறது.

வீட்டு வாசலில் நின்று மேற்கே பார்த்தால் மலை. பல் தேய்க்கும்போது மலை, மாடு பிடித்துக் கட்டும்போது மலை, கரண்ட் போனால் விசிறிக்கொண்டு உட்கார்ந்தாலும் மலை. அறுபது வருஷமாகக் காசு கொடுக்காமல் பார்த்த காட்சி. அப்படிப்பட்டவனை, ‘மலை தெரிகிற ரூம்’ என்று சொல்லி ஒரே ராத்திரிக்கு 620 பிராங்க் வாங்கினால் வயிறு எரியுமா, எரியாதா?

பிராங்க் என்பது சுவிட்சர்லாந்துக் காசு. ஒன்றுக்கு நம்ம பணம் நூறு ரூபாய்க்கு மேலே. பெருக்கிப் பாருங்கள். நான் பெருக்கினேன். பெருக்கிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். ஒரு ஏக்கர் நெல் போட்டு அறுத்தாலும் செலவு போகக் கையில் இவ்வளவு நிற்காது சாமி!

தப்பு என்னுடையது இல்லை. மகளும் மாப்பிள்ளையும் சூரிக்கில் இருக்கிறார்கள், கம்ப்யூட்டர் வேலை. எனக்கு அறுபது முடிந்தது. “திருக்கடையூர் போகலாம்மா” என்றேன். “அதுக்கு அப்புறம் போங்கப்பா. முதல்ல இங்க வாங்க. இன்டர்லாக்கன்ல ஒரு நாள் ஃபைவ் ஸ்டார் ஓட்டல்ல தங்க வைக்கிறோம்” என்றாள். என் சம்சாரம் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டாள். வீட்டில் ஓட்டெடுப்பு நடந்தால் நான் எந்தக் காலத்தில் ஜெயித்திருக்கிறேன்?

புறப்படுவதற்கு முன்னால் பெரிய பஞ்சாயத்து. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இரண்டு கிலோ வாங்கி வைத்திருந்தாள். “அம்மா, பால் சாமான் எதுவும் இந்த நாட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாது. பிடுங்கிக் குப்பையில போட்டுருவாங்க” என்று மகள் போனில் கதறினாள். பால்கோவாவைப் பக்கத்து வீட்டுக்குத் தானம் பண்ணிவிட்டு, சாத்தூர் காராச்சேவு நாலு பொட்டலம் பெட்டியில் ஏறியது. அந்தக் காராச்சேவுதான் இந்தக் கதைக்கே கதாநாயகன். பின்னால் வருவார்.

* * *

சூரிக்கிலிருந்து இன்டர்லாக்கனுக்கு ரயிலில் இரண்டு மணி நேரம். ‘ஏரிகளுக்கு நடுவே’ என்று அந்தப் பேருக்கு அர்த்தமாம். ஒரு பக்கம் தூன் ஏரி, மறுபக்கம் பிரியன்ஸ் ஏரி. “நமக்கும்தான் பிளவக்கல்லுல பெரியாறு அணை, கோவிலாறு அணைன்னு ரெண்டு இருக்கு” என்று சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை மரியாதைக்காகச் சிரித்தார்.

அவர் விஷயம் தெரிந்தவர். வழியெல்லாம் கதை சொல்லிக்கொண்டே வந்தார்.

“மாமா, இந்த நாடு அந்தக் காலத்துல ரொம்ப ஏழை நாடு. மலைக்காரங்க பஞ்சம் பிழைக்க வெளிநாட்டுக்குப் போயிருக்காங்க. மலையைக் கண்டாலே பயம். வேற வழியில்லாம கணவாய் தாண்டுறவங்க பனியில செத்துப் போவாங்க. அவங்களுக்காக, சுமார் ஆயிரம் வருஷத்துக்கு முந்தி, செயின்ட் பெர்னார்ட் கணவாயில சாமியார்கள் ஒரு மடம் கட்டினாங்க. 2469 மீட்டர் உயரத்துல. வர்றவங்களுக்குச் சாப்பாடு, படுக்கை எல்லாம் இலவசம்.”

“அட, நம்ம சதுரகிரிக் கஞ்சி மடம்!” என்றேன்.

அதேதான். தாணிப்பாறையிலிருந்து ஏறி, வழுக்குப் பாறை எல்லாம் தாண்டி, நாக்குத் தள்ளிப் போய் மேலே சேர்ந்தால் அந்தக் காலத்தில் மடத்தில் சுடச்சுடக் கஞ்சி ஊற்றுவார்கள். ‘எந்த ஊரு, என்ன சாதி?’ என்ற கேள்வி கிடையாது. சாப்பிட்டுவிட்டுப் பாறையில் துண்டை விரித்துப் படுத்தால், எண்ண முடியாத நட்சத்திரம். அஞ்சோடு நிறுத்துகிற கணக்கெல்லாம் அங்கே இல்லை!

அந்த ஆல்ப்ஸ் மடத்தில் நாய்களும் வளர்த்தார்களாம். 1800-ல் பிறந்த ‘பாரி’ என்ற நாய், பனியில் சிக்கியவர்களில் நாற்பது பேரையாவது காப்பாற்றியது என்று சொல்கிறார்கள். செத்த பிறகு அதைப் பாடம் பண்ணி பெர்ன் நகரத்து மியூசியத்தில் வைத்திருக்கிறார்கள். எங்கள் ராஜபாளையம் நாய்க்கும் 2005-ல் தபால்தலை போட்டார்கள் என்பதை நான் அடக்கத்தோடு எடுத்துச் சொன்னேன். நம் பக்கத்தை விட்டுக் கொடுக்கலாமா?

இலவச மடம் எப்படி 620 பிராங்க் ஆனது? அதையும் சொன்னார்.

இங்கிலாந்துக்காரர்கள் மலை பார்க்க வர ஆரம்பித்தார்கள். 1863-ல் தாமஸ் குக் ஒரு கூட்டத்தையே இங்கே சுற்றுலா கூட்டி வந்தார். (அதே 1863-ல்தான் மதுரையில் கலெக்டராக இருந்த லெவிஞ்ச் துரை கொடைக்கானலில் ஏரியை உண்டாக்கினார். வெள்ளைக்காரனுக்கு அந்த வருஷம் ஏரி, மலை யோகம்!) ஆனால் எல்லோரும் வெயில் காலத்தில் மட்டும் வந்தார்கள். குளிர் காலத்தில் ஓட்டல்காரர்கள் ஈ ஓட்டினார்கள். ஈயும் இல்லை, குளிரில் அதுவும் செத்திருக்கும்.

செயின்ட் மோரிட்ஸ் என்ற ஊரில் யோஹான்னஸ் பட்ரூட் என்று ஓர் ஓட்டல் முதலாளி. 1864-ல் சீசன் முடிந்து கிளம்பிய இங்கிலீஷ் விருந்தாளிகளிடம் ஒரு பந்தயம் கட்டினாராம். “குளிர் காலத்தில் வந்து பாருங்கள். வெயில் பளீரென்று அடிக்கும். பிடிக்காவிட்டால் உங்கள் வழிச்செலவு என்னுடையது. பிடித்தால் வசந்தம் வரை இலவசமாகத் தங்கலாம்.” வந்தவர்கள் வசந்தம் வரை நகரவில்லை. ஆல்ப்ஸ் குளிர்கால விடுமுறைக்கு அதுதான் பிள்ளையார் சுழி என்கிறார்கள்.

இன்னொருவர் செசார் ரிட்ஸ். பாரிஸ், லண்டன் ரிட்ஸ் ஓட்டல் பேருக்குச் சொந்தக்காரர். 1850-ல் நீடர்வால்ட் என்ற சுவிஸ் மலைக் கிராமத்தில், ஒரு குடியானவர் வீட்டில் பதின்மூன்றாவது பிள்ளை! வேலைக்குச் சேர்ந்த புதிதில், ‘உனக்கு ஓட்டல் தொழில் வராது, போ’ என்று விரட்டியிருக்கிறார்கள். பிறகு ரிகி மலை ஓட்டலில் வேலை பார்த்தபோது, ஒரு நாள் கடும் குளிரில் கணப்பு கெட்டுப் போயிற்று. விருந்தாளிகள் வரும் நேரம். ரிட்ஸ் செங்கல்லைச் சுட்டு, கம்பளித் துணியில் சுற்றி, ஒவ்வொருவர் காலடியிலும் வைத்துவிட்டாராம்.

“செங்கல் வச்சதுக்கு எவ்வளவு பில் போட்டாராம்?” என்று என் சம்சாரம் கேட்டாள்.

* * *

ஓட்டல் பேர் வேண்டாம். வாசலில் தொப்பி போட்டவர் பெட்டியை வாங்க வந்தார். என் சம்சாரம் கொடுக்க மாட்டேன் என்றாள். அவர் இழுக்க, இவள் இழுக்க, மதுரை பஸ் ஸ்டாண்டு போர்ட்டர் சண்டை மாதிரி ஆகிவிட்டது. கடைசியில் மாப்பிள்ளை சமாதானம் பண்ணி வைத்தார். எங்களை அறையில் விட்டுவிட்டு, மறுநாள் மத்தியானம் வருவதாகச் சொல்லிச் சின்னஞ்சிறுசுகள் போய்விட்டன.

அறை எங்கள் வீட்டைவிடப் பெரிசு. தலையணை மட்டும் ஆறு. ஆளுக்கு ஒரு தலைதானே? தலையணைக்கு மெனு கார்டு வேறு. இறகு வேண்டுமா, கம்பளி வேண்டுமா என்று! குட்டி ஃபிரிட்ஜைத் தொட்டால் காசு என்று மகள் சொல்லியிருந்ததால், அதன் முன்னால் ஒரு நாற்காலியைப் போட்டுத் தடுத்து வைத்தேன்.

ஜன்னல் திரையை விலக்கினேன். பேச்சு வரவில்லை. உண்மையைச் சொல்ல வேண்டும்... எதிரே யுங்ஃப்ராவ் சிகரம், 4158 மீட்டர், வெள்ளிக் கவசம் சாத்திய சாமி மாதிரி நின்றது. ஜூன் மாதம், ராத்திரி ஒன்பது மணிக்கும் வெளிச்சம் போகவில்லை. பனி மேலே ரோஜா நிறம் ஏறி, மெல்ல நீலமாகி... சம்சாரம் கையெடுத்துக் கும்பிட்டாள். அறுபதாயிரத்தில் ஒரு முப்பதாயிரத்தை அந்த நிமிஷமே மன்னித்துவிட்டேன்.

அந்தச் சிகரத்துக்கும் ஓட்டலுக்கும் நடுவே, ஊர் மத்தியில், ஒரு பெரிய புல்வெளி. பேர் ஹோஹெமாட்டே. அத்தனை விலை உயர்ந்த இடத்தில் ஒரு பெட்டிக்கடைகூட இல்லை. 1864-ல் ஓட்டல்காரர்களும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அந்த நிலத்தை வாங்கி, ‘இதில் யாரும் கட்டடம் கட்டக்கூடாது’ என்று முடிவு பண்ணிவிட்டார்களாம். மலையை மறைத்தால் பிழைப்புப் போய்விடும் என்று அவர்களுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது. நம் பக்கம் நினைத்துக்கொண்டேன். நேற்று வரைக்கும் வயலாக இருந்த இடத்தில் கல் ஊன்றி, கலர் கலராகக் கொடி கட்டி, ‘மலை வியூ பிளாட்’ என்று போர்டு வைக்கிறோம். முதல் ஆள் வீடு கட்டியதும் இரண்டாவது ஆளுக்கு வியூ காலி!

மலையைத் தொட விடாததற்குப் புலிக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும். 1988-ல் எங்கள் மலை சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆயிற்று. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை புலிகள் காப்பகம். அங்கே ஃபைவ் ஸ்டார் ஓட்டல் வராது. வந்தாலும் யார் யாரைச் சாப்பிடுவார்கள் என்று சொல்ல முடியாது.

* * *

மறுநாள் காலைப் பலகாரம். அம்பது தினுசு இருக்கும். என் சம்சாரத்துக்கு வெள்ளிக்கிழமை, முட்டைகூடக் கிடையாது. ஒரு கிண்ணத்தைக் காட்டி, “இது என்னங்க?” என்றாள். ஓட்ஸை ஊற வைத்து, ஆப்பிள் துருவிப் போட்டது. பிர்ஷர் என்ற சுவிஸ் டாக்டர் 1900 வாக்கில் தன் நோயாளிகளுக்காகக் கண்டுபிடித்ததாம். அது இந்த நாட்டின் பெருமை என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தார்.

ஒரு கரண்டி வாயில் வைத்தவள், “ராத்திரி ஊற வச்சுக் காலையில திங்கிறதா? இது பழைய கஞ்சிதானே! இதுக்கா ஏரோப்பிளேன் ஏறி வந்தோம்? முட்டை வாசம் படாம சூடா ஏதாச்சும் இருக்கான்னு கேளுங்களேன்” என்றாள், கொஞ்சம் சத்தமாகவே.

“இருங்கோ அம்மா. நான் செய்து தாறன்.”

திரும்பிப் பார்த்தோம். முட்டை போடுகிற இடத்தில், உயரமான வெள்ளைத் தொப்பி, வெள்ளைக் கோட்டு, நடுவிலே நம்ம நிறத்தில் ஒரு முகம்! ஐம்பது வயசு இருக்கும். உள்ளே போனார். பத்து நிமிஷத்தில் வந்தார். உருளைக்கிழங்கைத் துருவி முறுகலாகச் சுட்ட ரோஸ்டி, பக்கத்தில் இடித்த மிளகாய்த் தூளும் வெங்காயமும். “தனிச் சட்டியில சுட்டனான். முட்டை படேல்ல. வடிவாச் சாப்பிடுங்கோ.”

என் சம்சாரம் கண்ணில் தண்ணீர். மிளகாய்க் காரம் என்று சொல்லிச் சமாளித்தாள்.

வேலை முடிந்து பதினோரு மணிக்கு அவர் வெளியே வந்தார். புல்வெளி ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்து பேசினோம். யாழ்ப்பாணப் பக்கம். பேர் வேண்டாம் என்றார், வேண்டாம். 28 வருஷமாக ஓட்டல் வேலை.

“முதல் ஏழு வருஷம் குசினிக்குள்ள கோப்பை கழுவினனான் ஐயா. இஞ்ச அந்த நேரம் வந்த எங்கட ஆக்கள் கனபேர் அப்பிடித்தான். வெளியில இருந்து பாக்கிறவைக்கு இந்த ஓட்டல் மலையைப் பார்த்துக்கொண்டு நிக்குது. எனக்கு ஏழு வருஷமா அது கோப்பையும் நீராவியும்தான். குசினிக்கு யன்னல் இல்லை.”

1983 கலவரத்துக்குப் பிறகு உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பிய ஈழத் தமிழர்களில், சுவிட்சர்லாந்தில் மட்டும் இன்று சுமார் ஐம்பதாயிரம் பேர். ஆரம்ப காலத்தில் வந்தவர்களில் நிறையப் பேர் ஓட்டல் அடுப்படியில்தான் வாழ்க்கையை ஆரம்பித்தார்கள். இன்று அவர்கள் பிள்ளைகளில் டாக்டர் இருக்கிறார்கள், இன்ஜினீயர் இருக்கிறார்கள். பெர்ன் நகரத்தில் 2014-ல் திறந்த பல சமய இல்லத்தில் சிவன் கோயிலே இருக்கிறது, தமிழில் அர்ச்சனை நடக்கிறது.

“இந்த ஓட்டல்ல ஒரு நாள் தங்கியிருக்கீங்களா தம்பி?” என்று கேட்டேன்.

சிரித்தார். “அந்தக் காசுக்குப் பிள்ளையளுக்கு எவ்வளவோ செய்யலாம் ஐயா.”

என் சம்சாரத்துக்கு மனசு கேட்கவில்லை. பைக்குள் கையை விட்டுக் காராச்சேவுப் பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். ஒன்றை எடுத்து வாயில் போட்டவர், மெல்லவதை நிறுத்திவிட்டார்.

“அம்மா... இது சாத்தூர்ச் சேவு எல்லோ?”

எங்களுக்குத் தூக்கிவாரிப் போட்டது. “உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“தொண்ணூறாம் ஆண்டு படகில ராமேஸ்வரம் வந்தனாங்கள். எனக்குப் பதினாலு வயசு. முதல் மண்டபம் முகாம். பேந்து ராஜபாளையத்துக்குக் கிட்ட ஒரு முகாம். ரெண்டரை வருஷம். வாசல்ல நிண்டு பார்த்தா ஒரு பெரிய மலை தெரியும். அம்மா அதைப் பார்த்துக்கொண்டே இருப்பா. எங்கட ஊரில மலை இல்லைத்தானே... ஆடிப்பூரத் தேருக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தம். ஒரு கடைக்காரர் என்னைப் பார்த்துட்டுப் பேப்பர் துண்டில பால்கோவா வைச்சுத் தந்தவர். காசு வாங்கேல்ல. அந்த ருசி இன்னும் இருக்கு ஐயா. இஞ்ச எத்தினை விதமாப் பால், சொக்லேட் எல்லாம் இருக்கு. அது வரேல்ல.”

அவர் பேசப் பேச எனக்கு உள்ளே என்னவோ செய்தது.

நான் ராஜபாளையத்தில் ஒரு பஞ்சாலையில் கணக்கு எழுதியவன். முப்பத்தைந்து வருஷம், தினம் இரண்டு தடவை, அந்த ரோட்டில்தான் பஸ்ஸில் போனேன், வந்தேன். அந்த முகாம் ஜன்னலிலிருந்து தெரியும். கொடியில் துணி காயும். பையன்கள் ரோட்டோரம் நின்று பஸ்ஸைப் பார்ப்பார்கள். அந்தப் பையன்களில் இவரும் ஒருவராக இருந்திருப்பார். ஒரு நாள்கூட நான் இறங்கவில்லை. ‘யாரப்பா நீங்க, சாப்பிட்டீங்களா?’ என்று கேட்கவில்லை. பால்கோவா கொடுத்த அந்தக் கடைக்காரர் யாரோ, அவர்தான் மனுஷர். சதுரகிரி மடத்துக் கஞ்சியைப் பற்றி ரயிலில் பெருமை அடித்துக்கொண்டு வந்தேனே... மடத்தில் நான் சாப்பிட்டதுதான் உண்டு, ஊற்றியது இல்லை.

அதை அவரிடமே சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப் போகிறது?

கொஞ்ச நேரம் யுங்ஃப்ராவையே பார்த்தார். “நீங்கள் என்ன செய்யிறது ஐயா... நானும் இஞ்ச ரோட்டில எத்தினை அகதியைப் பார்த்துட்டுப் போறன். எல்லாருக்கும் பஸ் பிடிக்கிற அவசரம்தான்” என்றார். அப்புறம் தயங்கி, “ஒரு உதவி. ஊருக்குப் போனால், அந்த முகாம் வாசல்ல நிண்டு மலையை ஒரு படம் எடுத்து அனுப்புவியளோ? அம்மா செத்துப் போயிட்டா. எங்களிட்ட அந்த நேரத்துப் படம் ஒண்டும் இல்லை” என்றார்.

* * *

ஊருக்கு வந்த மூன்றாம் நாள் பஸ் ஏறினேன். கண்டக்டரிடம் அந்த நிறுத்தத்தின் பேரைச் சொல்லி டிக்கெட் கேட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

முகாம் இன்னும் இருக்கிறது. 2021-ல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பேரை மாற்றினார்கள். அங்கேயே பிறந்து, அங்கேயே கல்யாணம் முடித்து, பிள்ளை பெற்றவர்கள் இருக்கிறார்கள். வாசலில் நின்று செல்போனைத் தூக்கினேன். மேற்கே மலை நீலமாக, எங்கள் வீட்டு வாசலில் தெரிகிற அதே மலை, கொஞ்சம் தோளைத் திருப்பிக்கொண்டு நின்றது.

“ஆரைத் தேடுறியள்?” என்று ஒரு பாட்டி கேட்டார். விஷயத்தைச் சொன்னேன். “வெயிலுக்குள்ள நிக்காமல் உள்ளுக்கு வாங்கோ” என்று திண்ணையில் உட்கார வைத்து, கருப்பட்டித் துண்டோடு பால் இல்லாத டீ கொடுத்தார். முப்பத்தைந்து வருஷத்தில் நான் கேட்காத கேள்வியை அவர் ஒரு நிமிஷத்தில் கேட்டார். “சாப்பிட்டியளோ?”

படத்தை அனுப்பினேன். ராத்திரி பதில் வந்தது. ‘இதுதான் ஐயா. இதேதான். அடுத்த வருஷம் ஆடிப்பூரத்துக்குப் பிள்ளையளோட வர யோசிக்கிறன். உங்கட ஊரில நல்ல ஓட்டல் இருக்கோ?’

வ. புதுப்பட்டியில் ஃபைவ் ஸ்டார் ஓட்டல் கிடையாது என்று எழுதினேன். ஆனால் எங்கள் வீட்டு மச்சில் ஓர் அறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும். தலையணைக்கு மெனு கார்டு கிடையாது, இலவம்பஞ்சு மட்டும்தான். கரண்ட் போனால் விசிறி உண்டு.

என் சம்சாரம் இப்போதே அந்த அறையில் கிடந்த பழைய பேப்பர், உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் இறக்கச் சொல்லி என் உயிரை வாங்கிக்கொண்டிருக்கிறாள். இந்தத் தடவை ஓட்டெடுப்பு வைத்தோம். ஜெயித்தது இரண்டு பேருமே!